சித்திரைத் திருவிழாவில் நீர்மோர்ப் பந்தலும் அன்னதானமும் நடத்துவது எப்படி

மதுரைச் சித்திரைத் திருவிழாவில் தண்ணீர்ப் பந்தல் வைக்க வேண்டும், நீர்மோர் கொடுக்க வேண்டும், நாலு பேருக்குச் சோறு போட வேண்டும் என்ற எண்ணம் ஒவ்வோர் ஆண்டும் பங்குனி பிறந்தவுடனேயே பல தெருக்களிலும் சங்கங்களிலும் நண்பர் குழுக்களிலும் எழுந்துவிடுகிறது. ஆனால் அந்த மோர் யாருடைய கைக்கு, எந்த நேரத்தில், எந்த இடத்தில் போய்ச் சேர வேண்டும் என்று கேட்டுக்கொள்ளாமலேயே பெரும்பாலான குழுக்கள் வேலையைத் தொடங்கிவிடுகின்றன. அதனால்தான் தல்லாகுளத்தில் பத்தடிக்கு ஒரு பந்தல் இருக்கும்போது, முற்பகல் பதினொரு மணிக்குக் கைக்குழந்தையோடு மாட்டுத்தாவணிப் பேருந்து நிலையம் நோக்கி நடக்கும் ஒரு குடும்பத்துக்கு வழியில் ஒரு வாய்த் தண்ணீர் கிடைக்காமல் போகிறது.

பதினைந்து முதல் இருபது பேர் வரை உள்ள சிறு குழுக்களை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். திருக்கல்யாணத்தை ஒட்டிச் சேதுபதி பள்ளி வளாகத்தில் பல்லாயிரம் பேருக்கு நடக்கும் விருந்துக்குப் பின்னால் நீண்ட கால அனுபவமும் பெரிய ஆள்பலமும் இருக்கின்றன. அதைப் பார்த்துவிட்டு அந்த அளவிலேயே தொடங்க நினைப்பது சரியன்று. முதல் ஆண்டில் ஆயிரம் பேருக்கு நீர்மோரும் முந்நூறு பேருக்கு உணவும் என்று அளவு வைத்துக்கொண்டால், அதைக் குறையில்லாமல் செய்து முடிக்கலாம்.

நாளும் நேரமும் இடமும்

முதல் வேலையாக, இரண்டு கோயில்களும் வெளியிடும் நிகழ்ச்சி நிரல்களைக் கையில் வாங்கிக்கொள்ள வேண்டும். மீனாட்சியம்மன் கோயில் விழாவும் அழகர்கோயில் விழாவும் தனித்தனியானவை. முன்பு அழகர்கோயில் பெருமாளான அழகர் தேனூருக்குச் சென்றுதான் வைகை ஆற்றில் இறங்கினார் என்றும், 1623 முதல் 1659 வரை ஆண்ட திருமலை நாயக்கர்தான் இரு விழாக்களையும் ஒரே பருவத்தில் இணைத்தார் என்றும் மதுரையில் வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். இணைந்த பிறகும் இரண்டுக்கும் நாட்கணக்கு வேறாகவே இருப்பதால், திருக்கல்யாணத்துக்கும் அழகர் ஆற்றில் இறங்குவதற்கும் இடைப்பட்ட நாட்கள் ஆண்டுக்கு ஆண்டு மாறுகின்றன. 2024-இல் ஏப்ரல் 21 அன்று திருக்கல்யாணமும் 23 அன்று ஆற்றில் இறங்குதலும் நடந்தன; 2025-இல் மே 8 அன்று திருக்கல்யாணம் முடிந்து, மே 12 அன்றுதான் அழகர் ஆற்றில் இறங்கினார். சென்ற ஆண்டுக் கணக்கை நம்பிப் பாலுக்கும் பந்தலுக்கும் முன்பணம் கொடுத்துவிட்டுத் தவிக்க நேரக்கூடாது.

அழகர் மலையிலிருந்து புறப்பட்டு, கள்ளந்திரி, அப்பன்திருப்பதி, கடச்சனேந்தல் வழியாக, நானூறுக்கும் மேற்பட்ட மண்டகப்படிகளில், அதாவது அவரை வரவேற்கும் மண்டபங்களில், எழுந்தருளியபடியே மதுரைக்கு வருகிறார். மூன்றுமாவடியில் மக்கள் அவரை எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவை நடக்கிறது. அன்றிரவு தல்லாகுளம் பெருமாள் கோயிலில் தங்கி, மறுநாள் விடியற்காலை ஏறக்குறைய ஆறு மணி வாக்கில் தங்கக் குதிரையில் வைகையில் இறங்குகிறார். பிறகு ராமராயர் மண்டபத்தில் தீர்த்தவாரியும், இரவில் வண்டியூர் போய்ச் சேர்தலும், மறுநாள் தேனூர் மண்டபத்தில் சாபத்தால் தவளையான மண்டூக முனிவருக்கு மோட்சம் அளித்தலும், அன்றிரவு விடிய விடியத் தசாவதாரமும், அதற்கடுத்த இரவில் பூப்பல்லக்கும் நடக்கின்றன. இவை ஒவ்வொன்றுக்கும் வரும் கூட்டம் வேறு. அதன் தேவையும் வேறு. ஆற்றில் இறங்குவதற்கு முந்தைய இரவில் சாலையோரமாகத் துண்டை விரித்துப் படுத்திருக்கும் கிராமத்து மக்கள் விடியும் முன் சுக்குக் காப்பியைத் தேடுவார்களே தவிர மோரைத் தேடமாட்டார்கள். அதே மக்கள் காலை எட்டு மணிக்குமேல் ஆற்றுப் பகுதியிலிருந்து வெளியேறும்போது, இரவெல்லாம் விழித்த களைப்போடு வெயிலில் நடப்பார்கள். நீர்மோருக்கு உரிய நேரம் அதுதான். பிற்பகலில் ராமராயர் மண்டபத்தைச் சுற்றியும் வண்டியூர்ச் சாலையிலும் கூட்டம் இருக்கும்போது, காலைப் பந்தல்களில் பல காலியாகிவிட்டிருக்கும்.

ஆகவே, சிறு குழுவாக இருந்தால் அழகர் ஆற்றில் இறங்கும் ஆழ்வார்புரத்தையும் தல்லாகுளத்தையும் விட்டுவிட்டு, கூட்டம் வெளியேறும் வழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்குமாறு உறுதியாகச் சொல்வேன். மாட்டுத்தாவணி, ஆரப்பாளையம் பேருந்து நிலையங்களுக்குச் செல்லும் சாலைகளிலும், மக்கள் வேன்களை நிறுத்திவிட்டு நடந்து வரும் ஒதுக்குப்புறத் தெருக்களிலும் பந்தல் குறைவு. காலை எட்டிலிருந்து பிற்பகல் மூன்று வரை இடைவிடாமல் கொடுப்பது என்று வைத்துக்கொண்டு, அதற்கேற்ப ஆட்களை இரண்டு முறையாகப் பிரிக்க வேண்டும்.

இடத்தைப் பொறுத்தவரை இன்னொன்றையும் மறக்கக்கூடாது. 2022 ஏப்ரல் 16 அன்று அழகர் ஆற்றில் இறங்கியபோது ஏற்பட்ட நெரிசலில் சிக்கி இரண்டு பேர் உயிரிழந்தார்கள். கூட்டம் குறுகும் இடத்தில் ஒரு பந்தல் போட்டு, அதன்முன் நூறு பேர் நின்றுவிட்டால், பின்னால் வருபவர்களுக்கு வழி அடைபடும். பாலத்து ஏற்றம், தெரு முனை, தடுப்புக் கட்டைகள் போடப்பட்ட இடம், ஆம்புலன்ஸுக்கு ஒதுக்கிய வழி ஆகியவற்றில் பந்தல் கூடவே கூடாது. சாலை விளிம்பிலிருந்து உள்ளே தள்ளி, காம்பவுண்டுச் சுவரை ஒட்டியோ திறந்த மனையிலோ அமைத்து, ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறும்படி கயிறு கட்டினால், குடித்தவர்கள் மீண்டும் வரிசையைக் கடந்து திரும்ப வேண்டியிராது.

அனுமதியும் பதிவும்

சாலையோரப் பந்தலுக்கு அந்தப் பகுதிக் காவல் நிலையத்துக்கும் மாநகராட்சிக்கும் எழுத்து மூலமாக விண்ணப்பிக்க வேண்டும். தனியார் இடமாக இருந்தால் உரிமையாளரின் ஒப்புதல் கடிதம் கையில் இருக்க வேண்டும். உணவு வழங்குபவர்கள், இலவசமாகக் கொடுத்தாலும், உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் ஃபாஸ்காஸ் (FoSCoS) இணையதளத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும். அடிப்படைப் பதிவுக்கான கட்டணம் குறைவுதான். கடைசி நாளில் ஓடாமல், குறைந்தது மூன்று வாரம் முன்பே இதை முடித்துவிடுவது நல்லது. தர்மம் செய்வதற்கு எதற்குப் பதிவு என்று சலித்துக்கொள்பவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரே பாத்திரத்துச் சோற்றை முந்நூறு பேர் சாப்பிடும்போது, அதை எங்கே, யார், எந்தத் தண்ணீரில் சமைத்தார்கள் என்பதற்கு ஒரு பதிவு இருப்பது அந்த முந்நூறு பேருக்கும் செய்யும் மரியாதை என்றே நான் கருதுகிறேன்.

சமையலைச் சாலையோரத்தில் வைத்துக்கொள்ளாமல், அருகிலுள்ள மண்டபத்திலோ வீட்டுப் பின்கட்டிலோ முடித்துக் கொண்டுவர வேண்டும். வீட்டு உபயோகச் சிலிண்டரை இதற்குப் பயன்படுத்தக்கூடாது. 19 கிலோ வணிகச் சிலிண்டரை வாங்கி, ரெகுலேட்டரையும் குழாயையும் முந்தைய நாளே சோதித்துப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நீர்மோர்

ஆயிரம் பேருக்கு ஆளுக்கு 200 மில்லி என்றால் 200 லிட்டர் மோர் வேண்டும். ஒரு பங்கு தயிருக்கு நான்கு பங்கு தண்ணீர் என்று கலந்தால், 40 லிட்டர் தயிரும் 160 லிட்டர் தண்ணீரும் ஆகும். இதற்கு ஒரு கிலோ இஞ்சி, கால் கிலோ பச்சை மிளகாய், முக்கால் கிலோ உப்பு என்ற அளவில் தொடங்கி, சுவை பார்த்துக் கூட்டிக்கொள்ளலாம். இஞ்சியையும் மிளகாயையும் அரைத்து வடிகட்டிச் சாறாகவே சேர்க்க வேண்டும். துண்டுகளாக நறுக்கிப் போட்டால் குழந்தைகளின் தொண்டையில் சிக்கும். முதியவர்களும் ஒவ்வொரு மடக்குக்கும் நிறுத்தி நிறுத்திக் குடிக்க நேரும். கறிவேப்பிலையையும் கொத்தமல்லியையும் மிகப் பொடியாக நறுக்கிச் சேர்த்து, பெருங்காயத்தைத் தண்ணீரில் கரைத்து ஊற்றினால் போதும். உப்பைக் குறைத்துவிடக் கூடாது. வியர்வையில் உடம்பு இழந்த உப்பு இந்த மோரின் வழியாகத்தான் திரும்ப வேண்டும்.

தயிர் வாங்குவதில்தான் பல குழுக்கள் தவறுகின்றன. மதுரை முழுவதும் ஒரே நாளில் தயிருக்கு அலையும்போது, காலையில் கடையில் கிடைப்பது புளித்ததாகவே இருக்கும். பாலுக்கு முன்கூட்டியே சொல்லிவைத்து, முந்தைய மாலையில் காய்ச்சி, இரவு பத்து மணிக்குமேல் உறை ஊற்றினால், விடிந்ததும் புளிக்காத தயிர் கையில் இருக்கும். தயிரையும் மோரையும் எவர்சில்வர்ப் பாத்திரங்களிலேயே வைக்க வேண்டும். ஈயம் பூசாத பித்தளையிலும் செம்பிலும் அலுமினியத்திலும் புளிப்புப் பொருளை வைப்பது தீங்கு.

இருநூறு லிட்டரையும் காலையிலேயே கலந்து வைத்துவிடக் கூடாது. எங்கள் குழு முதல் ஆண்டில் இப்படித்தான் செய்தது. பதினோரு மணிக்குள் பாதி மோர் புளித்துக் கீழே ஊற்ற வேண்டியதாயிற்று. தயிரைக் குளிர்ச்சியான இடத்தில் மூடிவைத்து, இருபது லிட்டர் தீரத் தீர அடுத்த இருபது லிட்டரைக் கலப்பதே சரியான முறை. அதற்கென்று இரண்டு பேர் பந்தலின் பின்புறத்திலேயே இருக்க வேண்டும். கலக்கும் கையும் பணம் வாங்கும் கையும் குப்பை அள்ளும் கையும் ஒன்றாக இருக்கக்கூடாது.

தண்ணீர், காய்ச்சி ஆறவைத்ததாகவோ முத்திரை உடைக்காத கேன் தண்ணீராகவோ இருக்க வேண்டும். பனிக்கட்டியில் கூடுதல் கவனம் தேவை. மீன் போன்றவற்றைப் பதப்படுத்துவதற்கான பனிக்கட்டி குடிக்கத் தகுந்த நீரில் உறையவைக்கப்படுவதன்று. அதை அடையாளம் காண்பதற்காக நீல நிறம் சேர்க்க வேண்டும் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இல் விதித்தது. ஆனாலும் நிறத்தை மட்டும் நம்பாமல், எந்தப் பனிக்கட்டியையும் மோருக்குள் போடுவதில்லை என்று முடிவு செய்துகொள்வது பாதுகாப்பு. அகலமான அண்டாவில் பனிக்கட்டியைப் பரப்பி, அதன் நடுவே மூடிய மோர்ப் பாத்திரத்தை இறக்கி வைத்தாலே குளிர்ச்சி வந்துவிடும். மண்பானையைச் சுற்றி ஈரத்துணி கட்டி மணலில் வைப்பதும் நன்றாகவே பயன்படும்.

மோர் பிடிக்காதவர்களுக்குப் பானகம் வைக்கலாம். லிட்டருக்கு 100 முதல் 120 கிராம் வெல்லத்தைக் கரைத்து வடிகட்டி, சுக்கும் ஏலக்காயும் எலுமிச்சைச் சாறும் சேர்த்தால் போதும். நிறப்பொடி கலந்த சர்பத் வேண்டவே வேண்டாம். வெறும் தண்ணீர்ப் பானை ஒன்று எப்போதும் தனியாக இருக்கட்டும்.

உணவு

வெயில் நாளில் கூட்டத்துக்கு வழங்கும் உணவை ருசியால் தேர்ந்தெடுப்பதற்கு முன், எத்தனை மணி நேரம் தாங்கும் என்று பார்க்க வேண்டும். புளியோதரை நன்றாகத் தாங்கும். எலுமிச்சைச் சாதமும் ஓரளவு தாங்கும். சாம்பார் சாதமும் பொங்கலும் சூடாக இருக்கும்வரைதான் பாதுகாப்பானவை. தேங்காய்ச் சட்னியும் தேங்காய் அரைத்து விட்ட கூட்டும் இந்த வெயிலுக்கு ஆகாது. தயிர்ச் சாதம் கொடுப்பதானால் பாலை அதிகமாக ஊற்றித் தயிரைக் குறைத்துக் கலந்து, ஒரு மணி நேரத்துக்குள் கொடுத்து முடிக்க வேண்டும்.

சமைத்த சோற்றைப் பற்றி ஒரு செய்தியை எல்லாக் குழுக்களும் அறிந்திருக்க வேண்டும். அரிசியில் இயல்பாகவே இருக்கும் ஒருவகை நுண்ணுயிரின் வித்துகள் வேகவைத்தாலும் சாவதில்லை. சோறு வெதுவெதுப்பாகப் பல மணி நேரம் கிடக்கும்போது அவை முளைத்துப் பெருகி நஞ்சை உண்டாக்குகின்றன. வாந்தியை உண்டாக்கும் அந்த நஞ்சு, மறுபடி சூடாக்கினாலும் அழிவதில்லை. ஆகவே முந்தைய இரவு வடித்த சோற்றைக் காலையில் தாளித்துக் கொடுப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை. சூடாகக் கொடுப்பதை 60 டிகிரிக்குமேல் வைத்திருக்க வேண்டும். ஆறிவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். ஒரே அண்டாவில் முந்நூறு பேருக்குச் சமைத்து வைப்பதைவிட, நூறு நூறு பேராக மூன்று முறை சமைத்துக் கொண்டுவருவது மேல்.

அளவு என்று பார்த்தால், கலந்த சாதத்துக்கு ஒரு கிலோ அரிசி பத்துப் பேருக்கு வரும். முந்நூறு பேருக்கு 30 கிலோ. பருப்பு, காய், எண்ணெய்க் கணக்கைச் சமையல் மாஸ்டரிடம் விட்டுவிடலாம். வாங்கும் பொருள்களைக் குழுவில் ஒருவர் நேரில் சென்று பார்த்து வாங்க வேண்டும். அன்பளிப்பாக வரும் அரிசியும் எண்ணெயும் நல்ல நிலையில் இல்லையென்றால், கொடுத்தவர் மனம் நோகாமல் மறுத்துவிடும் பொறுப்பை ஒரு மூத்தவரிடம் ஒப்படைக்கலாம்.

தட்டும் குவளையும்

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை இருக்கிறது. பிளாஸ்டிக் டம்ளரும் தண்ணீர்ப் பாக்கெட்டும் தெர்மாகோல் தட்டும் மட்டுமன்றி, பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப்பும் காகிதத் தட்டும் அந்தப் பட்டியலில் அடங்கும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. பாக்குமட்டைத் தட்டு, மந்தாரை இலைத் தொன்னை, வாழையிலை ஆகியவை உணவுக்குப் போதும். அச்சடித்த செய்தித்தாளில் உணவை மடித்துக் கொடுக்கக்கூடாது.

மோருக்கு நூற்றைம்பது எவர்சில்வர் டம்ளர்களை வாடகைக்கு எடுத்து, மூன்று தொட்டிகள் வைத்துச் சுழற்சியாகக் கழுவுவதே எங்கள் அனுபவத்தில் சிறந்ததாக இருக்கிறது. முதல் தொட்டியில் சோப்பு நீர், இரண்டாவதில் நல்ல நீர், மூன்றாவதில் கொதிக்கக் கொதிக்கச் சுடுநீர். இதற்கு நான்கு பேர் முழு நேரமாக வேண்டும். சொந்தச் செம்பிலோ பாட்டிலிலோ வாங்கிக்கொள்ள விரும்புபவர்களுக்குத் தனியாக ஒருவர் ஊற்றலாம். அழகருக்குப் படைப்பதற்காகச் சர்க்கரை நிறைத்த செம்போடு வந்தவர்கள், சர்க்கரையைக் கொடுத்து முடித்தபின் அந்தச் செம்பைக் கழுவி நீட்டுவதுண்டு; அவர்களை வரிசையில் காக்க வைக்காமல் நிறைய ஊற்றி அனுப்பலாம்.

மோரும் சோறும் அல்லாதவை

வெறுங்காலோடு வருபவர்கள் பலர். முற்பகலிலேயே தார்ச்சாலை கால் வைக்க முடியாதபடி சுடும். பந்தலுக்கு இருபுறமும் ஐம்பதடி நீளத்துக்குச் சணல் சாக்குகளை விரித்து, கால் மணிக்கு ஒருமுறை நனைத்துவிட்டால், அதன்மேல் நடப்பவர்களின் முகத்திலேயே அந்த ஆறுதல் தெரியும். இதற்கு ஆகும் செலவு மிகக் குறைவு. இதைவிட உடனே பயன் தரும் உதவியை நான் திருவிழாவில் கண்டதில்லை.

பந்தலுக்குள் பத்து நாற்காலிகளாவது முதியவர்களுக்கும் கருவுற்ற பெண்களுக்கும் ஒதுக்க வேண்டும். தாய்மார்கள் குழந்தைக்குப் பால் கொடுக்க, சேலையோ துணியோ கட்டிய ஒரு மறைவிடம் வேண்டும். அருகில் எங்கே கழிப்பறை இருக்கிறது என்று பெரிய எழுத்தில் எழுதி வைத்தால், அது ஒரு நாளில் பல நூறு பெண்களின் தவிப்பைத் தீர்க்கும். குழந்தைகளின் கையில் பெற்றோரின் தொலைபேசி எண்ணைப் பேனாவால் எழுதிவிட ஒருவரை அமர்த்தலாம். வழி தவறிய குழந்தை வந்தால், அருகிலுள்ள காவல் உதவி மையத்துக்கு இரண்டு பேராகச் சேர்ந்து அழைத்துச் செல்ல வேண்டும். தெரியாத ஒருவர் வந்து உறவு என்று சொன்னாலும் பந்தலிலிருந்து ஒப்படைத்துவிடக் கூடாது.

வெயில் மயக்கத்துக்கும் தயாராக இருக்க வேண்டும். தலைசுற்றலோடு வருபவரை நிழலில் படுக்கவைத்து, காலைச் சற்று உயர்த்தி, தெளிவாகப் பேசுகிறார் என்றால் ஓஆர்எஸ் எனும் உப்புச்சர்க்கரைக் கரைசலைச் சிறிது சிறிதாகக் கொடுக்கலாம். பாக்கெட் தீர்ந்துவிட்டால், ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் மட்டமாக அளந்து கலந்து கொடுக்கலாம். உடம்பு அனலாகக் கொதித்து, பேச்சு குழறி, நினைவு தடுமாறினால் அது உயிருக்கே ஆபத்தான நிலை. வாயில் எதையும் ஊற்றாமல், உடனே 108-ஐ அழைத்துவிட்டு, ஆம்புலன்ஸ் வரும்வரை உடம்பு முழுவதையும் தண்ணீரால் நனைத்து விசிறிக்கொண்டே இருக்க வேண்டும்.

பெயர்ப்பலகையும் பணமும்

அப்பூதியடிகள் திங்களூரில் தண்ணீர்ப் பந்தல் வைத்தபோது அதற்குத் தம் பெயரை வைக்கவில்லை. அதுவரை கண்ணால் பார்த்திராத திருநாவுக்கரசரின் பெயரை வைத்தார். இன்று சில பந்தல்களில் மோர்ப் பாத்திரத்தைவிடப் பேனர் பெரிதாக இருப்பதைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. எங்கள் பந்தலில் ஒரே ஒரு பலகைதான் உண்டு. என்ன கிடைக்கும், எத்தனை மணி வரை கிடைக்கும் என்பதை மட்டும் அது சொல்லும். வாங்குபவரின் முகத்தைப் படமெடுத்துப் பகிர்வதையும் தவிர்த்துவிட்டோம். தாகத்துக்கு வந்தவரைப் படத்துக்காக ஒரு கணம் நிற்கச் சொல்வதுகூட அவரைச் சிறுமைப்படுத்துவதாகும்.

வசூலுக்கு எண்ணிட்ட ரசீதுப் புத்தகம் வேண்டும். ஒருவருடைய சொந்தக் கணக்கில் பணத்தை வாங்காமல், இருவர் கூட்டாகத் திறந்த வங்கிக் கணக்கில் வாங்க வேண்டும். வரிவிலக்கு உண்டு என்று பதிவில்லாத குழு யாருக்கும் சொல்லக்கூடாது. செலவுக் கணக்கை விழா முடிந்த பத்து நாட்களுக்குள் கொடையாளர்கள் அனைவருக்கும் அனுப்பிவிட வேண்டும்.

முடிந்த பிறகு

மூன்று மணிக்குப் பந்தலைப் பிரிக்கும்போது, எச்சில் இலைகளையும் தொன்னைகளையும் ஒரு சாக்கிலும் மற்ற குப்பையை இன்னொரு சாக்கிலும் கட்டி, மாநகராட்சி வண்டியிடம் நேரில் ஒப்படைக்க வேண்டும். எதுவும் வைகைக்குள் போகக்கூடாது. மீந்த மோரையும் உணவையும் கெடுவதற்கு முன்பே, விடியலிலிருந்து சாலையில் நிற்கும் தூய்மைப் பணியாளர்களுக்கும் காவலர்களுக்கும் கொண்டுபோய்க் கொடுக்கலாம். அவர்களுக்கென்று முப்பது பேர் அளவுக்கு முதலிலேயே தனியாக எடுத்துவைப்பது இன்னும் நல்லது. எங்கள் குழு மூன்றாம் ஆண்டிலிருந்து அப்படித்தான் செய்கிறது.

அன்று மாலை களைப்பாக இருந்தாலும், பாத்திரங்களை வாடகைக் கடையில் திருப்பும் முன், ஒரு நோட்டில் சில வரிகளை எழுதி வைத்துவிட வேண்டும்: எத்தனை மணிக்கு எவ்வளவு மோர் தீர்ந்தது, எந்த நேரத்தில் வரிசை நீண்டது, எது பற்றாமல் போனது, எது மீந்தது, யார் யார் கடைசிவரை நின்றார்கள். அடுத்த பங்குனியில் குழு கூடும்போது முதலில் எடுத்துப் படிக்க வேண்டியது அந்த நோட்டைத்தான்.